காசிக்குப் போன குப்பி

மே மாதத்தில்தான் காசி என்று அத்தை முடிவு செய்தபோது வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மாமா போனதிலிருந்து மனதில் வைத்திருந்த யாத்திரை அது. "கார்த்திகையில போலாமே அத்தை, வெயிலாவது இருக்காது" என்று நான் மட்டும் இழுத்துப் பார்த்தேன். "கார்த்திகையில நான் இருப்பேன்னு எழுதிக் குடுடா, போலாம்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. அடுத்து ஒரு நிபந்தனை வந்தது: ஏசி பெட்டி கூடாது. மூடின பெட்டியில் அவருக்கு மூச்சு முட்டுமாம். ஆக, சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ், சாதாரண ஸ்லீப்பர், நடு வேனில், எழுபதைத் தாண்டிய அத்தை, நான். கூடவே மூன்று குப்பி இன்சுலின்.

அத்தைக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆயிற்று. காலையில் 24 யூனிட், இரவில் 16. முப்பதுக்கு எழுபது என்று கலந்து வரும் ரகம். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் அடியில் படிந்திருக்கும் வெண்மை எழும்பி முழுக்கக் கலங்கும். மில்லிக்கு 40 யூனிட் வீதம் பத்து மில்லிக் குப்பியில் 400 யூனிட். அவருக்குப் பத்து நாள் வரும்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையிலும் ஐஸ் இருந்தது. தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸை நிரப்பிக்கொண்டு போ என்றார் ஒரு சித்தப்பா. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எதிர்வீட்டுக்காரர் நீல நிற ஜெல் பேக் இரண்டைக் கொண்டுவந்தார். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, நடுவில் மருந்தைச் சொருகிவிட்டால் கவலையே இல்லையாம். அன்பாகக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டேன். பயணப் பையில் வைக்கவில்லை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக் பூஜ்யத்துக்கு வெகு கீழே, மைனஸ் 15, மைனஸ் 18 என்ற அளவில் இருக்கும். அதை ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி உறைந்துபோக அதிக நேரம் வேண்டியதில்லை.

மருந்தின் அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எல்லாம் இருக்கிறது. பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் காலாவதித் தேதி வரை இருக்கும். பிரித்ததை வெளியில் வைக்கலாம், 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டாமல், ரகத்தைப் பொறுத்து நான்கு முதல் எட்டு வாரம் வரைக்கும். உறைந்ததைப் பயன்படுத்தவே கூடாது. மூன்றாவது வரியை யாரும் படிப்பதில்லை. முதல் வரியை மட்டும் மனதில் வாங்கி, எவ்வளவு சில்லிப்போ அவ்வளவு நல்லது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலியாகக் கோத்து, ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்திருந்தால்தான் அது வேலை செய்யும். சூட்டில் அந்த மடிப்பு மெல்ல நெகிழும். சூட்டோடு குலுக்கலும் சேர்ந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நார்நாராகத் திரளும். அதனால்தான் குப்பியைக் குலுக்காதே, உருட்டு என்கிறார்கள். உறைவதில் நடப்பது வேறு. தண்ணீர் ஐஸாக இறுகும்போது புரதத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. மிச்சமிருக்கும் இடுக்குகளுக்குத் தள்ளி நெருக்குகிறது. அத்தையின் மருந்தில் மிதக்கும் நுண்படிகங்கள் ஒருமுறை அப்படிக் கட்டிதட்டிவிட்டால், உருகின பிறகு எத்தனை உருட்டினாலும் பிரியாது. ஒரு ஊசியில் மருந்து கூடுதலாக ஏறும், அடுத்ததில் வெறும் தண்ணீரே ஏறலாம்.

சூட்டைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்களே ஒரே குரலில் பேசவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, 32, 37 டிகிரிகளில் வைத்த இன்சுலின் 28 நாளில் 14 முதல் 18 சதவீதம் வீரியம் இழந்ததாகச் சொன்னது. கென்யாவின் தாதாப் அகதி முகாம் வீடுகளில் பகலும் இரவுமாக 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தை அப்படியே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்த்தது ஜெனீவா பல்கலைக்கழகம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து 2021-இல் வெளியிட்ட அந்த ஆய்வில் நான்கு வாரத்தில் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. 2023-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, பிரிக்காத மனித இன்சுலின் 25 டிகிரியில் ஆறு மாதமும் 37 டிகிரியில் இரண்டு மாதமும் தாக்குப்பிடிக்கும் என்கிறது. ஜிப்மர் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. நம் ஊர் வெயிலை அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் இந்த மூன்றையும் படித்தபோது ஒன்று விளங்கியது. வெயில் வட்டி வாங்குகிறது, ஃப்ரீசர் முதலையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பத்து நாளில் தீர்ந்துவிடும் குப்பிக்கு வட்டி பெரிதில்லை.

இதைச் சொல்லி யாரும் குப்பியைக் கார் டேஷ்போர்டில் வைத்துவிட வேண்டாம். வெயிலில் நிறுத்திய கார் 50 டிகிரியைத் தாண்டும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்த அளவுக்கு இல்லை.

அத்தைக்கு நான் வாங்கியது ஃப்ரையோ என்ற துணிப் பை. பிரிட்டன் சரக்கு, நம் கடைகளிலும் கிடைக்கிறது. உள்ளே சர்க்கரைப் பரல் மாதிரி ஒரு பாலிமர். தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் பரல் கூழாக உப்பி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஆவியாக விடும். ஐஸும் இல்லை, கரண்டும் இல்லை. ஒருமுறை நனைத்தால் 45 மணி நேரம் என்கிறது கம்பெனி. அத்தை அதைப் பிழிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டுக் காசு? ஈரத்துணிதானே?" என்றார். ஈரத்துணிதான். அவர் கல்யாணமாகி வந்த கிராமத்து வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் குப்பியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தவர் அவர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் வாங்கி, அதன் கம்பி முனையைப் பைக்குள் செருகினேன். பையில் ஒன்று பிரித்த குப்பி, இரண்டு புதுசு. புதுசில் ஒன்றை என் பைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்க வேண்டும்.

சென்ட்ரல் நடைமேடையில் அன்று சாயங்காலம் 34 டிகிரி. கடற்காற்றில் சட்டை உடம்போடு ஒட்டியது. பைக்குள் எண் 30-இல் நின்றது, இறங்க மாட்டேன் என்றது. கூடூர், நெல்லூர் தாண்டி இருட்டின பிறகும் 29-க்குக் கீழே வரவில்லை. பக்கத்து பெர்த்களில் சென்னையில் கட்டட வேலை பார்த்துவிட்டுக் கல்யாண சீசனுக்கு ஊர் திரும்பும் பலியா, சாப்ராப் பையன்கள். பாதை முழுக்க மூட்டைகள். ஒரு டேபிள் ஃபேன்கூட அட்டைப்பெட்டியில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

விடிந்தபோது பல்லார்ஷா வந்திருந்தது. சந்திரபூர் நிலக்கரிச் சீமை. நாட்டிலேயே மிக அதிக வெயில் பதிவாகும் இடங்களில் ஒன்று. எட்டு மணிக்கே ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. பையன்கள் கம்சாத் துண்டுகளை வாஷ்பேசினில் நனைத்து வந்து ஜன்னலில் கட்டினார்கள். உள்ளே வந்த காற்று சட்டென்று மாறியது. சில நிமிஷத்தில் துண்டு காய்ந்து மொடமொடத்தது, மறுபடி நனைத்தார்கள். நாக்பூரை நெருங்கும்போது பெட்டிக்குள் 42. நான் பயந்துகொண்டே தெர்மாமீட்டரைப் பார்த்தேன். பைக்குள் 25.

சென்னையில் 34-க்கு 30. இங்கே 42-க்கு 25. அத்தையிடம் காட்டினேன். "காத்து காஞ்சு கிடக்குல்ல, உறிஞ்சுது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜபமாலையைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூட அறிவியல் அறையில் இரண்டு தெர்மாமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். உலர்குமிழ் என்ன காட்டினாலும் ஈரத்துணிப் பை குளிர்வது ஈரக்குமிழ் காட்டும் அளவு வரைக்கும்தான். 44 டிகிரி அடிக்கும் நாக்பூர்ப் பக்கத்தில் ஈரப்பதம் 15 சதவீதம் இருந்தால் ஈரக்குமிழ் 23 பக்கம் நிற்கும். 35 டிகிரிச் சென்னையில் ஈரப்பதம் 65 இருந்தால் அது 29-ஐ விட்டு இறங்காது. வடக்கே வெயிலைப் பார்த்துப் பயப்படும் நாம், மருந்துக்கு அதிகம் பயப்பட வேண்டியது நம் கடற்கரை ஊர்களில். நாக்பூர்க்காரர்கள் ஏர்கூலரில் தண்ணீர் ஊற்றி மத்தியானம் தூங்குகிறார்கள். அதே கூலர் சென்னையில் அறையைப் புழுக்கிவிடும்.

எதிர் பெர்த்தில் ஓய்வுபெற்ற ஒரு ராணுவக்காரர். பையைப் பார்த்ததும் அவருக்குப் பழைய ஞாபகம். ஜெய்சல்மேர்ப் பக்கம் வேலையில் இருந்தபோது லாரிக்கு வெளியே கான்வாஸ் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்களாம். சாகல் என்று அதற்குப் பெயர். ஓடும் காற்றில் கான்வாஸ் கசிந்து கசிந்து, தண்ணீர் பல் கூசும் என்றார். அவர் பேச்சைக் கேட்டு நானும் பையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். வெயில் நேராகப் படாத பக்கமாகப் பார்த்து, ஆடாமல் இருக்கக் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன். பாதி காலியான குப்பிக்குள் காற்று இருக்கும்; நாள் முழுக்கக் குலுங்கினால் அது மருந்துக்கு நல்லதில்லை. இன்னொரு டிகிரி இறங்கியது.

இட்டார்சிக்குப் பிறகு குளிர்பானம் விற்கிறவன் ஐஸ் மிதக்கும் பக்கெட்டோடு வந்தான். பலியாப் பையன்களில் ஒருவன் எங்கள் விவகாரத்தைக் காலையிலிருந்து கவனித்திருக்கிறான். ஒரு குத்து ஐஸைப் பேரம் பேசி வாங்கி, பாலிதீன் கவரில் போட்டு அத்தையிடம் நீட்டினான். மருந்தை இதில் வையுங்கள் மாஜி என்றான். அத்தை அதை வாங்கிக்கொண்டார். பாதியைத் தன் சொம்பில் போட்டார், மீதியை அவன் பாட்டிலில் போட்டுவிட்டார். "நல்ல புள்ள" என்றார் என்னிடம். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ், தண்ணீரோடு சேர்ந்து பூஜ்யத்தில் இருக்கும். ஃப்ரீசர் பேக் அளவுக்குக் கொடுமை இல்லை. துணி சுற்றி வைத்தால் தப்பும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் 25 டிகிரியில் நிம்மதியாக இருக்கும் குப்பியை எதற்காக அந்த விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும்?

ஜபல்பூருக்கு முன்னால் நர்மதையைக் கடந்தோம். பெட்டியில் பாதிப் பேர் காசு வீசினார்கள். அத்தை ஊசி போட்டுக்கொண்டு, கட்டிவந்த புளியோதரையைச் சாப்பிட்டார். சத்னா, மாணிக்பூர் எல்லாம் தூக்கத்தில் போயின. விடியற்காலம் காசி.

கேதார் காட் படித்துறைக்குப் பின்னால் ஒரு சந்தில் விடுதி பிடித்திருந்தோம். குமரகுருபரர் நிறுவிய மடம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் தமிழ் காதில் விழாமல் நடக்க முடியாது. படகுக்காரன் "வாங்கம்மா, போட்" என்பான், பால் கடைக்காரர் இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்காமலே சொல்வார். கொஞ்சம் தள்ளி ஹனுமான் காட் படித்துறைப் பக்கம்தான் பாரதி இளம் வயதில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். வெயில் ஏறின பிறகு படிக்கட்டுகளில் ஆள் இருக்காது. பத்து மணிக்கு மேல் மேற்கிலிருந்து லூ என்னும் அனல்காற்று வீசும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஊரே உள்ளே ஒடுங்கும்.

எங்களுக்கு அடுத்த அறையில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பதி. அந்த அம்மாளும் ஊசிக்காரர், அத்தையின் அதே ரகம். இரண்டு பேரும் குப்பியைக் காட்டிப் பேசியே சிநேகமாகிவிட்டார்கள்; சாயங்காலத்துக்குள் மதினி, தங்கச்சி என்று முறையும் வந்துவிட்டது. வந்த அன்றே அந்த அம்மாள் மருந்தை ஃப்ரிட்ஜில் வைத்துத் தரும்படி விடுதிப் பையனிடம் கொடுத்திருந்தார். அலுவலக அறையில் ஒரு பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் ஃப்ரீசரில் கைப்பருமனுக்கு ஐஸ் ஏறி, கதவே மூடாது. பையனுக்கு அந்த அம்மாளின் மேல் பிரியம். கீழ்த்தட்டில் வைத்தால் கரண்ட் போகும்போது சூடாகிவிடும் என்று, அந்த ஐஸைக் கரண்டியால் குடைந்து இடம்பண்ணி, குப்பிகளை உள்ளே பத்திரப்படுத்தியிருக்கிறான்.

காலையில் கொண்டுவந்து கொடுத்தபோது இரண்டும் வெள்ளைக் கல்லாக இருந்தன.

"நல்லா சில்லுன்னு இருக்கட்டும்னு வச்சிட்டாம் போல, மதினி. வெளிய வச்சா உருகிரும்லா?" என்று அந்த அம்மாள் நிதானமாகத்தான் கேட்டார். உருகியது. அத்தை தன் குப்பியை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்து உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். எங்களுடையது சீராகக் கலங்கியது. அவருடையதில் ரவை மாதிரிப் பொடிகள் சுழன்று கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் தெளிந்த தண்ணீர். "இது ஆகாது தங்கச்சி. தூரப் போட்டுரு." கலவை ரகமாக இருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. தெளிந்த ரக இன்சுலினாக இருந்திருந்தால் உறைந்து உருகின பிறகும் பார்வைக்குப் பழையபடியே இருக்கக்கூடும். சர்க்கரை ஏறின பிறகுதான் தெரியவரும். அந்த ரகத்தை யாராவது ஃப்ரீசரில் வைத்தது தெரிந்தால், பார்த்துக்கொண்டு நிற்காமல் குப்பையில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பையன் முகம் வாடிவிட்டது. அவனை யாரும் திட்டவில்லை. அவன் நினைத்ததைத்தான் என் சித்தப்பாவும் நினைத்தார், எதிர்வீட்டுக்காரரும் நினைத்தார். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே இருக்கும் தட்டும், பின்சுவரை ஒட்டின இடமும்கூட நம்ப முடியாதவை. கதவில் முட்டை, பாட்டில் வைக்கிற இடம்தான் மருந்துக்கு வாகு. அங்கே கொஞ்சம் சூடு கூடினாலும் மருந்து உறையாது.

பெயரையும் மில்லிக்கு 40 என்ற எண்ணையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்துவிட்டு, அத்தை தன் பிரிக்காத குப்பி ஒன்றை அந்த அம்மாளுக்குக் கொடுத்தார். அதை ஈடுகட்ட நாங்கள் லங்காவுக்குப் போனோம். காசி இந்துப் பல்கலைக்கழக வாசலை ஒட்டின கடைவீதி அது. உள்ளே சர் சுந்தர்லால் ஆஸ்பத்திரி இருப்பதால் மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எதைக் கேட்டாலும் கிடைக்கும். கேட்பதைச் சரியாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டுக் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100. வெளிநாட்டுக் குப்பிகளும் அப்படியே. அவற்றின் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஒன்றின் சிரிஞ்சில் இன்னொன்றை இழுத்தால் அளவு இரண்டரை மடங்கு மாறும். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் வெப்பத்தைவிடவும் இதற்குப் பயப்பட வேண்டும்.

கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துத் தந்தார். அத்தை தேதி பார்த்தார், உருட்டிப் பார்த்தார். பிறகு கடைக்காரர் மரியாதைக்கு ஒரு பாலிதீன் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, குப்பியை அதன் நடுவே வைத்து முடிச்சுப் போட்டார். அத்தை அவர் கண்ணெதிரேயே முடிச்சை அவிழ்த்து, குப்பியை எடுத்து ஈரப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஐஸ் எங்களைக் கொண்டுவிட்ட ஈ-ரிக்‌ஷாக்காரருக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் சோனார்புராச் சாலையோரத்தில் பானைக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள். மே மாதத்தில் காசியில் சுராஹி, மட்கா என்ற மண்பானைகளுக்கு நல்ல கிராக்கி. அத்தை ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிவிட்டார். பெரிதாக ஒன்று, அதற்குள் அடங்குகிற மாதிரிச் சின்னதாக ஒன்று. இரண்டையும் விரலால் தட்டி ஓசை பார்த்து வாங்கினார். எதிர்க்கரை மணல் ஒரு வாளி படகுக்காரன் கொண்டுவந்து கொடுத்தான். பெரிய பானையில் மணல், அதன்மேல் சின்னப் பானை, சுற்றிலும் மணல், மணல் ஊற ஊறக் கங்கைத் தண்ணீர். வாய்க்கு ஈரத்துணி. உள்ளே எவர்சில்வர் டப்பாவில் குப்பிகள். காற்றோட்டமுள்ள நடையில், வெயில் எட்டாத மூலையில் வைத்தோம். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இதே இரட்டைப் பானையைக் காய்கறி வாடாமலிருக்க ஊர் ஊராகப் பரப்பினார், ரோலக்ஸ் விருதும் பெற்றார். இன்சுலினுக்கென்றே பல நாட்டுப் பானைகளையும், சுரைக்குடுவையையும், ஈரமணல் வாளியையும், ஆட்டுத்தோல் பையையும் வைத்து சோதித்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. வறண்ட காற்றில் மண்பானைகள் நன்றாகவே வேலை செய்தன. இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். "நைஜீரியாக்காரனுக்கும் பாட்டி இருந்திருப்பால்ல" என்றார்.

நடையில் 41. பானைக்குள் 26.

விசுவநாதர் கோயிலுக்கு மருந்தைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டது இந்தப் பானை. அங்கே பை, போன், பேனா எதையும் உள்ளே விடமாட்டார்கள். வெளிக்கடைகளின் லாக்கரில் பூட்டிவிட்டுப் போக வேண்டும், அந்த லாக்கர்கள் தகரம். யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றால் எப்போது வெளியே வருவோம் என்று சொல்ல முடியாது. வெயிலில் தோலடி ரத்தவோட்டம் கூடி மருந்தும் வேகமாக இழுத்துக்கொள்ளும். தரிசனம் முடியும்வரை சாப்பிடுவதில்லை என்கிற விரதம் வேறு. அத்தை என்னோடு கொஞ்சம் வாதாடிவிட்டு, முதலில் ஊசி, உடனே இட்லி, பிறகு விசுவநாதர் என்ற வரிசைக்குச் சம்மதித்தார். இடுப்பில் கற்கண்டுப் பொட்டலம். அதைப் பிரசாதம் என்று நினைத்துக் காவலர் விட்டுவிட்டார்.

திரும்புவதற்கு விமானம். அதற்கு மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன், அத்தை பட்டும் படாமலும் ஒப்புக்கொண்டார். மருந்து கைப்பையில், டாக்டர் சீட்டோடு. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் மேலே எவ்வளவு குளிரும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

புறப்படுவதற்குச் சற்று முன்னால் காற்று திரும்பியது. அதுவரை மேற்கிலிருந்து அடித்தது பச்சுவா, வறட்டுக் காற்று. அன்று காலையில் கங்கைக்கு எதிர்க்கரையிலிருந்து புர்வா வீச ஆரம்பித்தது. கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று அது. வெயில் 38-க்கு இறங்கி, ஊரே அப்பாடா என்றது. பானைக்குள் 30-க்கு ஏறிவிட்டது. அத்தை வாய்த்துணியை எடுத்துவிட்டு வேறு மெல்லிய துணி போட்டார், பானையை நடையின் முனைக்கு, காற்று நேராக வரும் இடத்துக்கு நகர்த்தினோம். ஒரு டிகிரி குறைந்தது. போதும் என்று விட்டுவிட்டோம்.

திருநெல்வேலி அம்மாளும் முந்தின நாள் பானை வாங்கி எங்களைப் பார்த்து அப்படியே அமைத்திருந்தார். அவர் வந்து, "எங்களுது சுத்தமா குளிரலையே மதினி, காத்து மாறினதாலயா?" என்று கேட்டார். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். 35. காற்று மாறியதற்கு அவ்வளவு ஏறாது. அத்தை குனிந்து பானையைத் தடவினார். வெளிப்புறம் முழுக்கப் பளபளவென்று பச்சை எனாமல் பெயிண்ட், அதன்மேல் மயில், ரோஜாப்பூ. மண் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்திருந்தார்கள்.

"இது பூச்செடி வைக்கிற பானை தங்கச்சி. ஓடு, மாத்திட்டு வா. பெயிண்ட் அடிக்காதது கேளு."

அவருடைய வீட்டுக்காரர் மணலைக் கொட்டிவிட்டு, மயிலைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்து வெறும் செம்மண் பானையோடு திரும்பி வந்தார். மயில் இல்லாததால் முப்பது ரூபாய் குறைச்சலாம். அதை வாங்காமல் கடையை விட்டு நகரவில்லை என்றார்.